மணலில் கிடந்த வள்ளம்

மெரினா என்றால் நமக்குச் சென்னைக் கடற்கரை. சுண்டல், பட்டம், சமாதிகள். பெயர் வைத்தவர் கிராண்ட் டஃப். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநர்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. படகுகள் கட்டிக் கிடக்கும் துறை. பாய்ப்படகில் உலகம் சுற்றுகிறவர்கள் வந்து நிற்பார்கள். பழுது பார்ப்பார்கள், தண்ணீர் பிடிப்பார்கள், துணி காயப்போடுவார்கள், அடுத்த நாட்டுக்குக் கிளம்புவார்கள். கொச்சியில், போல்காட்டித் தீவில் அப்படி ஒன்று இருக்கிறது.

காயல்பட்டினத்தில் மணல் இருக்கிறது.

மணலில் ஒரு வள்ளம். சிங்கித்துறைப் பக்கம். நாலு பனந்துண்டுகளின் மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

சுபுஹு தொழுதுவிட்டு நேரே அங்கே போய்விடுகிறேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

*

வள்ளத்தின் சொந்தக்காரருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். என்னைக் காக்கா என்பார். நான் தம்பி என்பேன். தன் அப்பாவும் என் வாப்பாவும் பேசிக்கொள்வார்கள் என்று அவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. நான் ஊரில் இருந்ததே குறைவு.

முப்பத்தொரு வருஷம் சபர். கொழும்பு கொஞ்சம், ஹாங்காங் மீதி.

ஊரில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வரும்? ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். பிறகு தாளைக் கிழித்துவிட்டேன்.

*

மரத்தில் செய்த பழைய வள்ளம். மேலே பைபர் அடித்தது. உள்ளே பலகை, வெளியே கண்ணாடி நார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்கிறார் தம்பி. மரம் தண்ணீரில் ஊதும், வெயிலில் சுருங்கும். பைபர் அசையாது. நடுவில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விரலால் தட்டிக்கொண்டே போகிறார். டக், டக், டக், டொப்.

டொப் வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம்.

பதினேழு வட்டங்கள்.

*

சுரண்டும்போது பறக்கும் பைபர் தூசு கண்ணுக்குத் தெரியாது. ராத்திரிதான் தெரியும். கழுத்து மடிப்பு, முழங்கை உள்பக்கம், விரல் இடுக்கு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு புரள வேண்டியதுதான்.

வேடிக்கை பார்த்தவனுக்கும் அரிக்கிறது.

வீட்டுக்காரி கேட்டாள்: “அங்க என்னதான் செய்றிய?”

*

காலண்டரில் ஏப்ரல் 15. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாள். 2001-இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017-இலிருந்து 61.

மீன் குஞ்சு பொரிக்கும் காலம், அதற்காகத் தடை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிடும். தச்சர், வெல்டர், பெயிண்டர் எல்லோருக்கும் அந்த இரண்டு மாதமும் வேலை.

வள்ளத்துக்குத் தடை இல்லை. பக்கத்து வள்ளங்கள் போகின்றன, வருகின்றன. நெத்திலி, சாளை, சில நாள் கணவாய். இது மட்டும் மணலில் கிடக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் இதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

*

ஒரு காகிதம். வள்ளத்தின் உள்ளே குறுக்குப் பலகையில் கல் வைத்து அமுக்கியிருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு கணக்கு.

இடது பக்கம்: ரெசின், மேட், ஹார்டனர், உப்புத்தாள், நைலான் கயிறு, காத்தாடி, ஷியர் பின் 6, பெயிண்ட் நீலம்.

வலது பக்கம்: போட்டோ 6, மெடிக்கல், பாஸ்போர்ட் ஜெராக்ஸ், கருப்பு ஷூ, பெட்டி, பூட்டு.

மூத்த பையன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். மஸ்கட் போகிறான்.

நடுவில் கோடு எதுவும் கிழிக்கவில்லை. கூட்டல் கடைசியில் ஒன்றுதான்.

*

கடைசியாக மோட்டாருக்கு ஒரு காத்தாடி வாங்க மூன்று நாள் ஆயிற்று. பழையதில் ஓர் இதழ் ஓரம் தின்றுபோயிருந்தது. பாறை தட்டியதாம்.

மோட்டாருக்குள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் போயிருந்தது. அது தனியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். தம்பி அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பல் மட்டும் இல்லை.

எனக்குக் குதிரை வியாபாரிகள் நினைவுக்கு வந்தார்கள். மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1290-களில் வந்தவர். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் அந்தத் துறைக்கு வரும் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விலையும் சொல்கிறார். குதிரைக்கு 220 பொன் தினார்.

அதே மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை மட்டும் அந்த வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிட மாட்டார்களாம். குதிரை சீக்கிரம் செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்க முடியும்.

*

கச்சான் எடுத்துவிட்டது.

கச்சான் நம் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு வீசும். அலையைத் தலையில் தட்டிப் பின்னுக்குச் சாய்க்கும். மணலை வாரிக்கொண்டு போய் ஈர ரெசினில் அப்பும். தார்ப்பாயைக் கட்டி மறைத்தோம். தார்ப்பாய் பறந்தது. ஒரு சிறுவன் அதன் பின்னால் ஓடினான். ரொம்ப தூரம் ஓடினான்.

காய்ந்த பிறகு தடவிப் பார்த்தேன். வள்ளத்தின் வயிறு உப்புத்தாள் மாதிரி.

“இருக்கட்டும் காக்கா. நம்ம மணல்தானே.”

*

ஹார்டனர் கொஞ்சம் கூடிவிட்டால் மக்குக்குள்ளேயே ரெசின் கொதிக்கிறது. கையில் பிடிக்க முடியாத சூடு. புகை. பிறகு கல். வெயில் ஏற ஏற அளவைக் குறைக்க வேண்டும். அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூடியால் ஊற்றுகிறார். காலையில் ஒரு மூடி. பத்து மணிக்கு முக்கால். அதற்கு மேல் வேலை செய்வதில்லை.

*

காற்றின் பெயர்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன், மறந்துபோகும்.

வாடை வடக்கு. கொண்டல் கிழக்கு. கச்சான் மேற்கு. சோழகம் தெற்கு.

நீரோட்டத்துக்கு நீவாடு. வடக்கேயிருந்து வந்தால் வாநீவாடு. தெற்கேயிருந்து வந்தால் சோநீவாடு. கடலுக்குள்ளே ஓடும் தண்ணீருக்கும் காற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஹாங்காங்கில் ஒவ்வொரு புயலுக்கும் எண் போட்டுச் சொல்வார்கள். எட்டு என்றால் கடையடைப்பு. இங்கே துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். இப்போது செல்போனில் எல்லாம் வந்துவிடுகிறது. ஆனாலும் பேப்பரில் “மூன்றாம் எண் கூண்டு” என்று பார்த்தால்தான் தம்பிக்குத் திருப்தி.

*

தூத்துக்குடிக்குப் போனேன். ரெசின் வாங்க அவர் போகும்போது கூடவே.

பஸ் ஆறுமுகநேரி தாண்டி, உப்பளம் தாண்டி, ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால் வாசம் ஜன்னல் வழியாக வந்தது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். காயல்காரர்கள் எந்நேரமும் வாயில் ஓர் இலையைப் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். இலை எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை.

பக்கத்து சீட்டில் ஒருவர் கண்டக்டர் பார்க்காத நேரமாக வெளியே துப்பினார்.

முக்காணிப் பாலம். கீழே தாமிரபரணி. தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. மணல், நாணல், ஒரு எருமை.

பிறகு பழையகாயல். பஸ்காரர் “பழையாயல், பழையாயல்” என்றார். நாலு பேர் இறங்கினார்கள்.

குதிரைகள் இறங்கியது இங்கேதான் என்கிறார்கள். பிஷப் கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் தோண்டிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து கடல் தெரியாது.

*

கொற்கைக்கும் இதே கதைதான். பாண்டியர் துறைமுகம். இப்போது கடல் ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் தள்ளிப்போயிற்று. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி. ஒவ்வொன்றாக.

கொற்கையில் ஒரு வன்னிமரம் இருக்கிறது. படுத்த மாதிரி வளைந்து கிடக்கிறது. இரண்டாயிரம் வருஷம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நான் போனபோது அதன் மேல் ஒரு ஆட்டுக்குட்டி நின்றுகொண்டிருந்தது.

ஊர் அங்கேயேதான் இருக்கிறது.

*

பழைய துறைமுகம். தோணிகள்.

பெரிய துறைமுகம் 1974-இல் வந்தது. தோணிகள் பழைய இடத்தை விடவில்லை. வரிசையாக, தோளோடு தோள் உரசி. மரத் தோணி. முந்நூறு டன் வரைக்கும் சுமக்கும். மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கல், சிமெண்ட். முன்பு முழுக்கப் பாய். இப்போது எஞ்சின். பாய் ஓரத்தில் சுருட்டிக் கிடக்கிறது.

கடல் மோசமான மாதங்களில் தோணி போகாது. அப்போதுதான் கலப்பத்து.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை வைத்து, உளியை வைத்து, கொட்டாப்புளியால் அடிக்கிறார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. கண்ணால் பார்த்து அடிப்பதில்லை. காதால். இடுக்கு நிறைந்துவிட்டால் சத்தம் மாறும். முதியவர் ஒருவர் திரும்பி என்னோடு பேசிக்கொண்டே அடித்தார். பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் ஓரிடத்தில் நின்றது. சத்தம் மாறியிருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

“இவ்வளவு அடிச்சும் தண்ணி வராதா அண்ணாச்சி?”

“வரும். இறக்குன அன்னைக்கு ஒழுவத்தான் செய்யும். மரம் தண்ணி குடிக்கணும்லா. குடிச்சுதுன்னா தானா அடங்கிரும்.”

*

தோணியின் அடியில் கொட்டலசு. சாம்பல் நிறக் கொப்புளங்கள். கை வைத்தால் கிழிக்கும். இரும்புத் தகடால் சுரண்டுகிறார்கள். மணலில் உதிர்ந்து கிடப்பது உடைந்த பல் மாதிரி.

நம் வள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. கேட்டேன். தம்பி சொன்னார்: தினமும் கரையேறுகிற படகில் ஒட்டாது. மிதந்துகொண்டே கிடப்பதில்தான்.

இன்னொன்று, மரம் துளைக்கும் புழு. அதற்கு உப்புத் தண்ணீர்தான் உயிர். நல்ல தண்ணீரில் நெடுநாள் கட்டிப்போட்டால் செத்துவிடும்.

*

தோணித் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். ஜோ டி குருஸ் நாவலில் வருகிறது. ‘கொற்கை’. 2013-க்கான சாகித்ய அகாதெமி பரிசு அதற்கு. தடித்த புத்தகம். தம்பி வீட்டில் பார்த்தேன், பரணில், சர்ச் காலண்டர்களுக்கு அடியில்.

“படிச்சியளா?”

“எங்க பெரியப்பா மாதிரி ஒரு ஆளு வருவாரு. அதுவரைக்கும் படிச்சேன்.”

*

வாப்பா கொழும்புக்குத் தோணியிலும் போயிருக்கிறார், போட் மெயிலிலும் போயிருக்கிறார். தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து. பிறகு அதுவும் நின்றது.

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். பெரிய வெள்ளைக் கப்பல். வழியனுப்ப எங்கள் தெருவிலிருந்தே வேன் போட்டுப் போனார்கள். நவம்பரில் நின்றுவிட்டது.

வாப்பா தோணியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார். ராத்திரியில் வெங்காய மூட்டை மேல் படுத்துக்கொள்வாராம். காலையில் கண்ணெல்லாம் சிவந்திருக்குமாம். கொழும்பில் இறங்கும்போது எல்லோரும் அழுத மாதிரி இருப்பார்களாம்.

*

வள்ளத்தின் முன்பக்கம் அணியம். அங்கே ஒரு சின்னச் சிலுவை, பெயிண்டில். பழைய நீலத்தைச் சுரண்டியபோது அடியில் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் வேறொரு பெயர். பாதி எழுத்து. ‘…ராணி’.

ராணிக்கு முன்னால் என்ன? அலையா, கடலா, பரலோகமா? தம்பிக்கும் தெரியவில்லை. மணப்பாட்டில் வாங்கிய வள்ளமாம். விற்றவரும் இன்னொருவரிடம் வாங்கியதாம்.

சுரண்டாமல் அதை மட்டும் விட்டுவிட்டு மேலே பைபர் போட்டார்.

*

ஞாயிறு. வேலை இல்லை. கடலுக்கும் போவதில்லை. பூசை.

வெள்ளி. எனக்கு வேலை உண்டு, அவருக்கும் உண்டு. ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்தால் ஒரு பக்கம் பெயிண்ட் முடிந்திருந்தது.

வாரத்தில் ஐந்து நாள்தான் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது.

*

பிறை பார்க்க இதே கடற்கரைக்குத்தான் வருவோம், சிறுவயதில். எதற்கு? பிறை தெரிவது மேற்கே, ஊர்ப் பக்கம். கடல் கிழக்கே. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தென்னைக்கு மேலே, மினாராவுக்கு மேலே தேடுவோம். இந்தக் கேள்வி எனக்கு இப்போதுதான் வருகிறது. வெட்டவெளி என்பதால் இருக்கலாம்.

தம்பிக்கு நிலா வேண்டாம். நிலாக்காலத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும். இருட்டில்தான் படும்.

*

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பது. நான் இருப்பதும் என் வீட்டுக்காரியின் வீட்டில்தான். வாப்பா இருந்தது உம்மாவின் வீட்டில். பெண்கள் போய்வர வீடுகளுக்குப் பின்னால் தனி முடுக்கு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தெருவைத் தொடாமல் போய்விடலாம். எனக்கு எந்த முடுக்கு எங்கே போகிறது என்று இன்றும் தெரியாது.

ஹாங்காங் சுங்கிங் மேன்ஷனில் எல்லாப் படிக்கட்டும் தெரியும்.

*

ஓட்டுமாவு. சபருக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் உம்மா டின்னில் அடைத்துத் தருவார். அரிசிமாவும் தேங்காயும் சீனியும் சேர்த்து வறுத்தது. வாசம் பெட்டியில் வருஷக்கணக்கில் நிற்கும். சட்டை எல்லாம் அந்த வாசம். உம்மா போன பிறகு வீட்டுக்காரி தந்தாள். அதே டின். பிஸ்கட் டின், மூடியில் ரோஜாப்பூப் படம். ரோஜா பாதி அழிந்துவிட்டது.

கப்பலில் போயிருக்கிறது, விமானத்தில் போயிருக்கிறது. சென்னை சுங்கத்தில் ஒருமுறை திறக்கச் சொன்னார்கள். அதிகாரி முகர்ந்து பார்த்தார். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். மூடிக் கொடுத்தார்.

இப்போது சமையல்கட்டு மேல்தட்டில் சும்மா இருக்கிறது. நான்தான் எங்கும் போவதில்லையே.

*

2023 டிசம்பர். அந்த மழையைச் சொல்லாமல் இந்த ஊரில் படகைப் பற்றி எழுத முடியாது.

18-ஆம் தேதி காலை எட்டரை வரைக்கும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. காயல்பட்டினத்தில் மட்டும். வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிடக் கூட, ஒரே ராத்திரியில். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. உள்ளே எண்ணூறு பேர் அளவில். சுற்றிலும் தண்ணீர்.

ஆட்களை மீட்க, கடலிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனார்கள்.

தம்பியின் வள்ளமும் போனது. ஏரல் பக்கம். வயலுக்கு மேலே ஓட்டினாராம். வாழைத்தோப்பு, கரண்டுக் கம்பி, ஒரு கோயில் கோபுரத்தின் பாதி. ஆழம் தெரியவில்லை. கடலில் தெரியும், வயலில் தெரியவில்லை என்றார்.

ஒரு கிழவி ஏற மறுத்துவிட்டாராம். “கடல்ல போற படகுல நான் ஏறமாட்டேன், எனக்குக் கடல்னா பயம்.”

அடியில் பதினேழு வட்டத்தில் எத்தனை அந்த மழையில் வந்தது என்று கேட்டேன். பாறை தட்டியது என்று அவர் முன்பு சொன்னது கடல் பாறை இல்லையாம். வயல் வரப்பில் ஒரு சர்வே கல்.

*

புன்னைக்காயலில் வலை வாங்கப் போனார். நானும்.

ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் இரண்டு நிறம். 1586-இல் இங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் ‘அடியார் வரலாறு’ அச்சிட்டார் அண்டிரிக் அடிகளார். இந்தக் கரையில். ஈய எழுத்தும் காகிதமும் எல்லாம் தோணியில்தானே வந்திருக்கும்.

வலைக் கடையில் பொட்டலம் கட்ட ஒரு பழைய ஞாயிறு மறை வகுப்புப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார்கள்.

*

பதினேழு வட்டமும் முடிந்தது. மறுபடி தட்டிக்கொண்டு வந்தார்.

டக், டக், டக், டக்.

பதினெட்டாவதாக ஒரு டொப். அணியத்துக்குக் கீழே. அந்த ‘ராணி’ இருந்த இடம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

பையனுக்கு விசா வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட். நான் என்ன சொல்லிவிட முடியும்? குளிருக்கு ஒரு சட்டை கைப்பையில் வைத்துக்கொள், விமானத்தில் குளிரும் என்றேன். பணத்தை இரண்டு இடத்தில் வை. முதல் மாதம் யாருக்கும் கடன் கொடுக்காதே.

அவன் வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கால் பட்ட இடத்தில் பெயிண்ட் ஈரம். நீலத்தில் குதிகால் அச்சு.

தம்பி பார்த்தார். திரும்பப் பூசவில்லை.

*

அன்று மாலை தம்பி கேட்டார்: “காக்கா, வீட்ல பழைய டின்னு எதுவும் கிடக்கா? தண்ணி கோரி ஊத்த. முதல் ரெண்டு நாள் ஒழுவும்லா.”

பிளாஸ்டிக் வாளி போதாதா என்றேன். விளிம்பு மடங்கிவிடுமாம். பலகை வளைவுக்குள் நுழையாது. தகர டின் என்றால் ஓரத்தை நசுக்கி வளைவுக்கு ஏற்றமாதிரி ஆக்கிக்கொள்ளலாம்.

எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொட்டாப்புளியால் இரண்டு அடி. ரோஜா நசுங்கிற்று.

*

பையன் ஒரு புதன்கிழமை போனான். வேன் வந்தது, ஏறினான். அவன் அம்மா ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தாள். கருவாடு. ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வியாழன் வேலை நடக்கவில்லை.

*

வள்ளம் இறங்கும் நாளைப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள். சாமியார் வந்து மந்திரிப்பார். தண்ணீர் தெளிப்பார். ஆட்கள் தோள் கொடுப்பார்கள், பனந்துண்டைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட்டுப் போட்டு உருட்டுவார்கள். அம்பாப் பாட்டு இப்போது யாரும் பாடுவதில்லையாம். டிராக்டர் வந்துவிடுமாம். அதையாவது.

சனிக்கிழமை எனக்குப் பல் வலி. தூத்துக்குடிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு அஸருக்குத்தான் வந்தேன்.

மணலில் நாலு பனந்துண்டு. டிராக்டர் டயர் தடம் இரண்டு. நடுவில் அடிக்கட்டை இழுபட்ட ஒற்றைக் கோடு, தண்ணீர் வரைக்கும்.

வள்ளம் கிடந்த இடம் மட்டும் வேறு நிறம். இருபத்தேழு நாள் வெயில் படாத மணல். நண்டு வளைகள்.

ஒரு மக். உள்ளே ரெசின் கல்லாகி, பிரஷ் நட்டுக்குத்தலாக நின்றது.

பஞ்சைத் துப்பினேன். ரத்தம். மணல் தள்ளி மூடினேன்.

*

ராத்திரி சாப்பிட முடியவில்லை. கஞ்சி.

அவள் மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி காலேஜ் விடுதிக்குப் போகிறாள், ஓட்டுமாவு வறுத்து வைத்திருந்தாளாம்.

“இங்க இருந்த ரோஜாப்பூ டின்னு எங்க?”

வாயைத் திறக்க முடியவில்லை. கையைக் கிழக்கே காட்டினேன்.